வெண்டல் ஸ்காட் என்னும் மோட்டார் சாரதி

1963-ம் வருஷம் டிஸம்பர் மாதம் முதல் தேதியன்று, அமெரிக்காவில் ப்ளாரிடா மாகாணத்தைச் சேர்ந்த ஜாக்ஸன்வில் நகரில் ஒரு மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. அரை மைல் நீளமுள்ள மண் வட்டத்தை இருநூறு முறை சுற்றி வர வேண்டும் என்பது நிபந்தனை. அவ்விருநூறு சுற்றுக்களையும் எல்லோருக்கும் முன்னதாக முடித்தவர் கறுப்பு ஜாதியைச் சேர்ந்த ஒரு சாரதி. அவருக்கு வெற்றிக் கொடி வீசப்படவில்லை. முடிந்துவிட்ட பந்தயத்தை முடியாததாக எண்ணி அவர் மேலும் சுற்றிக்கொண்டேயிருக்க, அவருக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் ஜயித்தவராக அறிவிக்கப்பட்டார். இவ்விதம் வெற்றியைப் பறிகொடுத்தவரின் பெயர் வெண்டல் ஸ்காட். அவருடைய சரித்திரத்தையே இன்று நாம் நம் வாசகர்களுக்குச் சொல்லப் புகுந்திருக்கிறோம்.

சேதராப்பட்டில் இருந்துகொண்டு அமெரிக்க மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அரசியல் கூட்டங்களுக்கும் தொண்டர் முகாம்களுக்கும் போய் வருகிற நம் நண்பர்களுக்குப் பெருந் தனவந்தர்களின் பொழுதுபோக்கில் என்ன அக்கறை இருக்க முடியும்? நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்காட் தனவந்தர் அல்லர். நிறபேதம் என்பதோ நமக்குப் புதிய சங்கதியும் அன்று. புதுச்சேரிப் பட்டணத்தில் ஒரு கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம் என்றும், மேற்கே கறுப்பர் நகரம் என்றும் பிரித்து வைத்துப் பெயரும் இட்டு ஆண்ட ஓர் அரசாங்கத்தின் கீழ் நம் பாட்டன்மார் காலங் கழித்தார்கள். 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பு டிக்கட்டுக் கையிலிருந்தும் ரயிலை விட்டு இறக்கிவிடப்பட்ட பாரிஸ்டர் யார் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாரிஸ்டருக்கு நேர்ந்தது வெண்டல் ஸ்காட்டுக்கு இருபது வருஷ காலம் ஏறக்குறைய வாராவாரம் நேர்ந்தது. அவர் ஒவ்வொரு வாரமும் மறுபடி டிக்கட்டு வாங்கினார் என்று சொல்லலாம்.

ஸ்காட் 1921-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி வர்ஜீனியா மாகாணத்து டான்வில் நகரில் பிறந்தார். டான் நதிக்கரையில் அமைந்த அவ்வூருக்குப் புகையிலையும் பஞ்சாலையும் ஜீவாதாரங்கள். அதற்குச் சரித்திரத்தில் வேறொரு பிரசித்தியும் உண்டு. அடிமை முறையை நிலைநிறுத்துவதற்காக வடபாகத்தாருடன் போர் புரிந்த தென் மாகாணக் கூட்டரசு, 1865 ஏப்ரலில் தன் தலைநகரை விட்டு ஓடிவந்து கடைசியாகச் சில தினங்கள் தங்கியிருந்த இடம் டான்வில்தான். அந்த நினைவைப் பெருமையாகப் பாராட்டிய ஊரில், அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார் எந்த நிலையில் வைக்கப்பட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் வேறு, சாப்பாட்டுக் கடை வேறு, பஸ்ஸில் உட்காரும் இடம் வேறு. கறுப்பர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் புகையிலைக் கிடங்கிலும் ஆலையிலும் கூலி வேலையே.

ஸ்காட்டின் தந்தை அவ்வூரில் வசதியுள்ள வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு மோட்டார் ஓட்டுபவராகவும் ரிப்பேர் வேலை செய்பவராகவும் இருந்தவர். எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்த வித்தை. வேகத்தில் மோகமும் அவரிடமிருந்தே வந்ததாகச் சொல்வார்கள். சிறுவன் முதலில் சைக்கிளில் வெள்ளைக்காரப் பையன்களுடன் போட்டியிட்டான். ஆலையில் நாள் முழுதும் அடைபட்டுக் கிடப்பது சிறைவாசத்துக்குச் சமானம் என்பது அவனுடைய அபிப்பிராயம். பிறர் ஏவலுக்கு உட்படாத பிழைப்பு எது என்று தேடி, வளர்ந்தபின் வாடகைக் கார் ஓட்டலானார். அதிவேகமாக ஓட்டியதற்காகப் போலீஸாரிடம் அகப்பட்டு அபராதம் செலுத்தியது பல தடவை. 1943-ல் மேரி கோல்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அமெரிக்கச் சைனியத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பணியிலிருந்தார். ஹிட்லரின் ஜாதி வெறியை ஒழிக்கப் புறப்பட்ட அச்சைனியத்திலேயே கறுப்பர் படை தனி, வெள்ளையர் படை தனி என்பது அந்நாளைய உலகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை ஒன்று வைத்தார். அதில் வந்த வரும்படி குடும்பத்துக்குப் போதவில்லை. இங்கே அவர் சரித்திரத்தில் நாம் மறைக்க விரும்பாத ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. தென் மாகாணங்களின் மலைப் பிரதேசங்களில் வரி கட்டாமல் திருட்டுத்தனமாகக் காய்ச்சப்பட்ட சாராயத்தை இரவோடிரவாகப் பட்டணங்களுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலில் அவர் இறங்கினார்.

இவ்விஷயத்தை மற்ற ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். சேதராப்பட்டு வாசகர்களுக்கு அவசியமில்லை. ஒரு வயல் பிரெஞ்சு எல்லைக்குள்ளும் அடுத்த வயல் ஆங்கிலேயர் எல்லைக்குள்ளுமாகப் பின்னிக் கிடந்த கிராமங்கள் நம்முடையவை. சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு 1948-ல் அமுலுக்கு வந்தபொழுது, எல்லைக்கு இப்புறம் மது தாராளமாகக் கிடைத்தது. அதன் பிறகு இரவு வேளைகளில் இந்தப் பாதைகளில் நடந்தவை ஊரார் அறிந்தவையே. விளக்கை அணைத்துக்கொண்டு நிலா வெளிச்சத்தில் ஓட்டுவது, பாரத்தால் பின்புறம் தாழ்ந்து போலீஸார் சந்தேகிக்காதபடி வில்களைக் கெட்டிப்படுத்துவது, துரத்தி வரும் வண்டியைவிட எஞ்சினுக்கு ஒரு பங்கு அதிகமாக உயிர் கொடுப்பது முதலிய யுக்திகளெல்லாம் அமெரிக்காவிலும் இவையேதாம். மதுவிலக்குக்காகக் கடைகளின் முன் மறியல் செய்து சிறை சென்றவர்களின் பரம்பரையில் வந்த நாம், இத்தொழிலுக்கு எவ்விதச் சமாதானமும் சொல்ல முன்வரோம். எனினும் ஒன்றைக் குறிப்பிடத்தான் வேண்டும். அமெரிக்காவின் பிரபல மோட்டார்ச் சாரதிகளில் பலர் இப்பள்ளியிலேயே பயின்றவர்கள். ஜூனியர் ஜான்ஸன் என்ற வெள்ளைக்காரச் சாரதி தம் தந்தையின் சாராய அடுப்பண்டை 1956-ல் பிடிபட்டுச் சிறை சென்றார். பின்னர் அவர் தேசப் புகழ் பெற்றார். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பும் அளித்தார். ஸ்காட் 1949-ல் ஒரு முறை அகப்பட்டார். நீதிமன்றம் மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. தொழிலை அவர் உடனே விட்டுவிடவில்லை.

அவரைப் பந்தயக்களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போலீஸார்தாம் என்றால் வேடிக்கையாக இருக்கும். 1952-ல் டான்வில் களத்தில் பந்தயம் நடத்திய முதலாளிகள், கூட்டம் சேர்ப்பதற்கு உபாயம் தேடினார்கள். வெள்ளையர்களுக்கு எதிராக ஒரு கறுப்பனை ஓட்டவிட்டால் வேடிக்கை பார்க்க ஜனங்கள் வருவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியது. வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பர் யார் உண்டு என்று போலீஸாரைப் போய்க் கேட்டார்கள். எத்தனையோ இரவுகள் துரத்திச் சென்று பிடிக்க முடியாமல் திரும்பிய அப்போலீஸாருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆக, ஸ்காட் களத்தில் முதன்முதல் இறங்கியது ஒரு காட்சிப் பொருளாகவே. 1952 மே 23-ந் தேதி நடந்த அப்பந்தயத்தில் கூட்டத்தில் ஒரு பகுதியார் அவரைக் கண்டு கூச்சலிட்டார்கள். அவருடைய பழைய வண்டி நடுவிலேயே பழுதாகி நின்றுவிட்டது. முதலாளிகளின் நோக்கம் அத்துடன் நிறைவேறியது. ஸ்காட்டின் நோக்கமோ அன்றுதான் பிறந்தது.

மறுநாளே வண்டியைச் செப்பனிட்டுக்கொண்டு, நாஸ்கார் என்னும் பெரிய பந்தய ஸ்தாபனத்தார் வட கரோலினாவில் வின்ஸ்டன்-ஸேலம் நகரில் நடத்திய பந்தயத்துக்குச் சென்றார். கறுப்பர் ஓட்ட இடமில்லை என்று திருப்பியனுப்பினார்கள். வேறோர் ஊருக்குப் போனார். அங்கே, வண்டி நன்றாயிருக்கிறது, ஒரு வெள்ளைப் பையனை உட்கார்த்தி ஓட்டச் சொல் என்று யோசனை கூறினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் கண்ணீர் வடித்துக்கொண்டு வந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு நாஸ்காரைச் சேராத சிறிய களங்களில் ஓட்டலானார். முதற் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் கழித்து லிஞ்ச்பர்க்கில் ஒரு சிறு ஓட்டத்தில் வெற்றியும் பெற்றார். வாரத்தில் ஐந்து இரவு ஓட்டும் நிலைமையும் விரைவில் வந்தது. வேண்டுமென்றே மோதியவர்கள் இருந்தார்கள். டயரைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். அதே சமயத்தில், கறுப்பனாயினும் கைதேர்ந்தவன் என்று கண்டுகொண்டு நட்புக் கொண்டாடிய வெள்ளைச் சாரதிகளும் இருந்தார்கள். லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த ஏர்ல் புரூக்ஸ் என்பவர் அவர்களில் முதன்மையானவர். ஒரு ஜாதியார் முழுவதையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் பழக்கத்தை ஸ்காட் ஒருபோதும் மேற்கொள்ளவில்லை.

நாஸ்காரின் அநுமதிச் சீட்டு அவருக்குக் கிடைத்த விதமும் கவனிக்கத்தக்கது. ரிச்மண்ட் களத்தில் ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தராகப் பணியாற்றிய மைக் போஸ்டன் என்பவரிடம் நேரே போய் விண்ணப்பித்தார். நேரப்போகும் தொல்லைகளையெல்லாம் அறிந்துதான் கேட்கிறாயா என்று விசாரித்துவிட்டு, போஸ்டன் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தலைமைக் காரியாலயத்திலிருந்த மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் கொடுத்ததைப் பறிக்கத் துணியவில்லை. சட்டத்தில் எழுதாமல் நடைமுறையில் மட்டும் நிலைத்திருக்கும் தடைகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. காரியாலயத்தின் கோடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உத்தியோகஸ்தர் நேர்மையாயிருந்துவிட்டால் போதும், சுவரில் ஒரு வாசல் திறந்துவிடுகிறது. போஸ்டனின் பெயரை இன்று அமெரிக்காவிலேயே சிலர்தாம் அறிவர்.

ஸ்தாபனத்தின் தலைவர் பில் பிரான்ஸ் விஷயம் வேறு. ஒரு களத்து முதலாளி, தூரத்திலிருந்து வந்த வெள்ளைச் சாரதிகளுக்கெல்லாம் பெட்ரோல் செலவு கொடுத்துவிட்டு ஸ்காட்டுக்கு மட்டும் இல்லையென்றபொழுது, அவர் 1954-ல் பிரான்ஸிடம் நேரில் முறையிட்டார். பிரான்ஸ் தம் பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கொடுத்து, இனி உமக்கு வித்தியாசம் காட்டமாட்டோம் என்று வாக்களித்தார். வாக்கை முழுதும் காப்பாற்றினாரா என்பதற்கு ஜாக்ஸன்வில் பதில் சொல்லும். நிறப் பிரிவினைக்குக் கொடி பிடித்த அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் 1972-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்றபொழுது ப்ளாரிடாவில் அவருக்காக முன்னின்று உழைத்தவர் இதே பிரான்ஸ். ஒரு கறுப்பனுக்குத் தனிமையில் தயை காட்டுவதும், கறுப்பர்களின் உரிமையைப் பகிரங்கமாக எதிர்ப்பவனுக்கு ஆதரவு தேடுவதும் ஒரே மனிதனிடத்தில் குடியிருக்க முடியும் என்பதை, வெள்ளைக்காரக் கலெக்டர்களைக் கண்ட நமது தேசத்தாருக்கு விளக்கத் தேவையில்லை.

1959-ல் ஸ்காட் வர்ஜீனியா மாகாணத்தில் தம் வகுப்பின் சாம்பியன் பட்டத்தை அடைந்தார். 1961 மார்ச்சில் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் களத்தில், தேசத்தின் உயர்ந்த வரிசைப் பந்தயங்களில் முதன்முறையாகக் கலந்துகொண்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது. மற்றச் சாரதிகள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது அது.

இவ்விடத்தில் மோட்டார்ப் பந்தயத்தின் பொருளாதாரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். இல்லாவிடில் ஸ்காட் செய்ததன் அளவு தெரியாது. ஓட்டப் பந்தயத்தில் காலே முதல். குத்துச் சண்டையில் கையே முதல். மோட்டார்ப் பந்தயத்திலோ பணம்தான் முதல். பெரிய கார்க் கம்பெனிகள் தமக்கு இஷ்டமான சாரதிகளுக்குப் புது வண்டியும் புது எஞ்சினும் கூலிக்கு மெக்கானிக்குகளும் கொடுத்து ஆதரித்து வந்தன. அவ்வாதரவு ஸ்காட்டுக்கு வரவில்லை. மற்றவர்கள் இரண்டு மூன்று வருஷம் ஓட்டித் தள்ளிய வண்டிகளை விலைக்கு வாங்கித் தாமே புதுப்பித்தார். பிறர் கழற்றிப் போட்ட டயர்களில் ஓட்டினார். வண்டியின்மேல் மெக்கானிக்கின் பெயரை எழுதுமிடத்தில், அது தாமேதான் என்று எழுதிவைத்தார். பந்தயத்தின் நடுவே வண்டி நின்றால் எண்ணெயும் டயரும் போட ஓடிவந்தவர்கள் அவருடைய புத்திரர்களான சிறுவர்கள். பழுது பெரிதாயிருந்தால் அவரே இறங்கி வண்டிக்கடியில் படுத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ஏறி ஓட்டுவார். எஞ்சின் உடைந்தால் மாற்று எஞ்சின் இல்லை. எனவே பல பந்தயங்களில் ஜயிப்பதற்காக ஓட்டாமல், வண்டியைச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர்த்துப் பத்தாவது பன்னிரண்டாவது ஸ்தானத்துக்குரிய சிறு தொகையைப் பெறுவதற்காகவே ஓட்டினார். அத்தொகையில்தான் வீட்டு அரிசியும் அடுத்த வாரப் பெட்ரோலும் அடங்கியிருந்தன. வழியில் ஹோட்டல்களில் இடங் கொடுக்கமாட்டார்கள் என்பதால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சென்று வண்டியிலேயே படுத்துறங்கினார்கள்.

நமது நாட்டிலும் சொந்தக் கையால் பந்தய வண்டி செய்தவர் உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் 1988-ல் உள்நாட்டு மாருதிக் காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை அமைத்து, வெளிநாட்டுச் சரக்கை எதிர்பார்த்திருந்த நம் இளைஞர்களுக்கு வழி திறந்தார். 1995-ல் விமான விபத்தில் அகால மரணமடைந்த அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அவருக்குப் பின்னால் ஓர் ஆலைக் குடும்பம் இருந்தது. ஸ்காட்டுக்குப் பின்னால் இருந்தது கடன் பத்திரம்.

இனி ஜாக்ஸன்வில். அன்று ஸ்காட் ஓட்டியது நெட் ஜாரெட் என்னும் சாரதியிடமிருந்து வாங்கிய பழைய ஷெவ்ரோலே வண்டி. களம் குண்டும் குழியுமாகச் சிதைந்து கிடந்தது. புது வண்டிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கிப் பழுதாகிக்கொண்டிருக்க, வண்டியைப் பத்திரமாக ஓட்டியே பழகிய ஸ்காட்டுக்கு அந்தக் கஷ்டமே அநுகூலமாயிற்று. முன்னணியில் சென்ற ரிச்சர்ட் பெட்டியின் வண்டி கோளாறடைந்து வேகங் குறையவே, இன்னும் இருபத்தைந்து சுற்றுக்கள் இருக்கையில் ஸ்காட் அவரைத் தாண்டினார். அதன் பின் அவருக்கு முன்னே யாருமில்லை. இருநூறாவது சுற்று முடிந்தது. கொடியில்லை. இன்னும் சுற்றினார். கடைசியில் கொடி வீசப்பட்டபொழுது அது பக் பேக்கர் என்பவருக்கு வீசப்பட்டது. பேக்கர் உண்மையில் இரண்டு சுற்றுக்கள் பின்தங்கியிருந்தார். கோப்பையும், பரிசளிக்கும் அழகியின் முத்தமும், பத்திரிகைக்காரர்களின் படமும் பேக்கருக்குக் கிடைத்தன.

ஸ்காட் ஆட்சேபித்தார். கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்று வற்புறுத்தினார். சில மணி நேரம் கழிந்து, ஜனங்கள் வீடு திரும்பி மைதானம் காலியான பிறகு, அதிகாரிகள் கணக்கில் பிசகு நேர்ந்துவிட்டதென்று ஒப்புக்கொண்டு அவரே ஜயித்தவர் என்று சொல்லி ஆயிரம் டாலர் பரிசுப் பணத்தைக் கொடுத்தார்கள். கோப்பை பேக்கருடன் போய்விட்டிருந்தது. அக்காலத்தில் சுற்றுக்களை மனிதர்கள் கையால் குறித்து வந்தமையால் பிசகு நேர்வது உண்டு என்பது வாஸ்தவமே. எனினும் ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் அந்தச் சமாதானத்தை ஒருநாளும் நம்பவில்லை. தென் மாகாணத்து வெள்ளையர் கூட்டத்தின் முன்னிலையில், ஒரு வெள்ளை அழகியின் பக்கத்தில் ஒரு கறுப்பர் கோப்பையுடன் நிற்கும் காட்சிக்கு அஞ்சியே இவ்விதம் செய்தார்கள் என்பது அவர்களது முடிவு. நாமும் அதையே நம்புகிறோம். பிசகு தற்செயலானதாயிருந்தால், கூட்டம் கலையுமுன்பே திருத்த முடியாதபடி அது அவ்வளவு நேரம் நீடித்திருக்க வேண்டியதில்லை. பிற்பாடு கோப்பை என்ற பெயரில் அவரிடம் கொடுக்கப்பட்டது, பெயர்கூடப் பொறிக்காத ஏதோ ஒரு மரத்துண்டு.

அந்த 1963-ம் வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பதை நினைவுகூர வேண்டும். ஸ்காட்டின் சொந்த ஊரான டான்விலிலேயே ஜூன் 10-ந் தேதி, உரிமை கேட்டுப் பிரார்த்தனை செய்ய வந்த கறுப்பர்கள்மீது தீயணைக்கும் குழாய்களால் நீரைப் பீய்ச்சியும் தடிகளால் அடித்தும் போலீஸார் துவம்சம் செய்தார்கள். காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்ட மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து சென்றார். ஆகஸ்டில் வாஷிங்டனில் லக்ஷக்கணக்கானோர் கூடினார்கள். இவ்வளவும் நடக்கையில் ஸ்காட் எந்த ஊர்வலத்திலும் முன்னின்றதாகத் தெரியவில்லை. மேடையேறியவரல்லர். பந்தயக்களத்தில் வசை மொழிகளைக் கேட்டும் சிரித்துக்கொண்டு போனவர் என்று பெயர் பெற்றார்.

நம் வாசகர்களில் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள் இதைப் படித்து முகஞ் சுளிக்கலாம். அடக்கமாயிருப்பதே அடிமைப் புத்தியல்லவா என்று கேட்கலாம். இக்கேள்வியைத் தள்ளிவிட நாம் தயாராயில்லை. தேச சேவையில் இருப்பவர்கள், மௌனமாகத் தொழில் பார்த்தவர்களிடத்தில் எதிர்பார்க்க உரிமையுள்ள ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஸ்காட் இருந்த நிலையைப் பாருங்கள். வேலையை மறுத்து ஆலையை விட்டு வெளியேறுபவனுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்கும். பஸ்ஸைப் பகிஷ்கரித்தவர்களுடன் ஓர் ஊரே நின்றது. வாரந்தோறும் பத்தாயிரம் வெள்ளையர் சூழ்ந்த மைதானத்தில் அவர் தனியாக இறங்கினார். அவருடைய இரண்டு மூன்று பையன்களைத் தவிர அங்கே கறுப்பு முகம் கிடையாது. கோபத்தில் ஒரு வார்த்தை பேசினால் அநுமதிச் சீட்டுப் போய்விடும். அது போனால், இன்னொரு கறுப்பர் உள்ளே வர எத்தனை வருஷமாகும் என்பது யாருக்குத் தெரியும்? அவர் சகித்தது பயத்தினால் என்று சொல்வதற்கும் இடமில்லை. தம்மை மீண்டும் மீண்டும் இடித்துத் தள்ளிய ஒரு சாரதியைப் பந்தயம் தொடங்குமுன் வண்டி வரிசையிலேயே கைத்துப்பாக்கியைக் காட்டி எச்சரித்தார் என்றும், அதன் பிறகு அத்தொல்லை நின்றது என்றும் சொல்லப்படுகிறது. அஹிம்சா வாதிகளாகிய நாம் இச்செயலைப் புகழ முடியாது. கோழை என்று அவரைச் சொல்பவர்களுக்குப் பதிலாக மாத்திரம் குறிப்பிடுகிறோம். தென் கரோலினாவின் பெயர் பெற்ற தார்லிங்டன் களம் பல வருஷங்கள் அவருக்கு இடமளிக்க மறுத்தது. அவர் விண்ணப்பித்துக்கொண்டேயிருந்து கடைசியில் அங்கும் ஓட்டினார்.

1966-ம் வருஷத்துப் புள்ளிக் கணக்கில் தேசம் முழுவதற்கும் ஆறாவது ஸ்தானத்தைப் பெற்றார். அதையடுத்த மூன்று வருஷங்களிலும் முதற் பத்துப் பேரில் ஒருவராயிருந்தார். மொத்தம் 495 பெரும் பந்தயங்களில் ஓட்டியதில் 147 முறை முதற் பத்து ஸ்தானங்களுக்குள்ளும், 20 முறை முதல் ஐந்துக்குள்ளும் வந்தார். வெற்றி என்று ஏட்டில் பதிவானது ஜாக்ஸன்வில் ஒன்றே. பழைய வண்டியுடனும் பழைய டயருடனும் ஓட்டியவருடைய கணக்கு இது என்பதை மறக்கலாகாது.

1973-ல், ஒரு தடவையாவது நல்ல வண்டியுடன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவலால் கடன் வாங்கி ஒரு மெர்க்குரி வண்டியைச் சேகரித்துக்கொண்டு அலபாமாவின் டல்லடேகா களத்துக்குச் சென்றார். மே 6-ந் தேதி பந்தயம் ஆரம்பித்துச் சில சுற்றுக்களுக்குள் ஏறக்குறைய இருபது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிய பெரிய விபத்து நேர்ந்தது. ஸ்காட்டின் இடுப்பெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. வண்டி அடியோடு நாசமாயிற்று. கடன் மட்டும் சேதமின்றித் தப்பியது. குணமடைந்து, அவ்வருஷம் அக்டோபரில் ஷார்லட் நகரில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பன்னிரண்டாவதாக வந்தார். அத்துடன் விலகிவிட்டார். அப்பொழுது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

1977-ல் அவருடைய சரித்திரத்தைச் சினிமாவாக எடுத்தார்கள். ரிச்சர்ட் பிரையர் என்னும் பிரசித்த ஹாஸ்ய நடிகர் ஸ்காட்டாக நடித்தார். சினிமாக்காரர்களின் வழக்கப்படி சம்பவங்கள் மாற்றப்பட்டிருந்தன. படத்தைப் பற்றி அதிகம் எழுத நமக்கு விருப்பமில்லை. ஸ்காட் டான்வில் பட்டறையில் கார்களைப் பழுது பார்த்துக்கொண்டே தம் இறுதி வருஷங்களைக் கழித்தார். முதுகெலும்பில் புற்றுநோய் கண்டு, 1990 டிஸம்பர் 23-ந் தேதி தம் அறுபத்தொன்பதாவது வயதில் காலமானார்.

இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதில் உலகத்தார் எங்கும் தாராளமானவர்கள். 1999-ல் சர்வதேச மோட்டார் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2013-ல் வர்ஜீனியா அரசாங்கம் டான்விலில் அவருக்கு நினைவுப் பலகை நாட்டியது. 2015-ல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. அவ்வரிசையில் இடம் பெற்ற முதற் கறுப்பர் அவரே. அவருக்குப் பின் அப்பெரும் பந்தயங்களில் இன்னொரு கறுப்பர் வெற்றி பெற 2021 அக்டோபர் 4-ந் தேதி வரை காத்திருக்க நேர்ந்தது. புப்பா வாலஸ் என்னும் இளைஞர் அன்று ஜயித்தது, ஸ்காட்டின் எலும்புகள் முறிந்த அதே டல்லடேகாவில்.

ஜாக்ஸன்வில் கோப்பையின் கதையோ இன்னும் நீண்டது. ஸ்காட்டின் மனைவி மக்கள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2010-ல் ஜாக்ஸன்வில் ஊரார் தம்மளவில் ஒரு கோப்பையைச் செய்து கொடுத்தார்கள். பந்தயத்தை நடத்திய ஸ்தாபனமே கொடுக்க வேண்டும் என்று குடும்பத்தார் விடாது கேட்டார்கள். 2021 ஆகஸ்டு 28-ந் தேதி, ஸ்காட் பிறந்து நூறு வருஷம் நிறைவதற்கு முந்திய நாள், டேடோனா களத்தில் பெருங் கூட்டத்தின் முன்னே நாஸ்கார் அதிகாரிகள் அவர் குடும்பத்தாரிடம் ஒரு கோப்பையை ஒப்படைத்தார்கள். பந்தயம் நடந்து ஐம்பத்தேழு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தன. சிறு வயதில் தந்தையின் வண்டிக்கு டயர் மாற்றிய பிள்ளைகள் நரைத்த தலையுடன் அதை வாங்கிக்கொண்டார்கள். அதுவும் புதிதாகச் செய்த கோப்பைதான். 1963-ல் பக் பேக்கர் எடுத்துச் சென்றது டான்வில் வீட்டுக்கு வந்து சேரவேயில்லை.